லீஷைக் கையில் வைத்திருந்த தங்கைக்கு

என் நாய் சிட்டு இப்போது என் காலடியில் படுத்திருக்கிறாள். இதை எழுதும்போதே இரண்டு முறை குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அஜிலிட்டி போட்டியில், அதாவது நாய்களைத் தடைகள் வழியாக ஓட வைக்கும் விளையாட்டில், அவள் பயந்து ரிங்கை விட்டு ஓடிவிட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதை முழுவதும் மறுபடி சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியையாவது இன்றே சொல்லிவிட வேண்டும்.

வேலி ஓரமாக டார்ச்சோடு நடந்தவர்கள், அடுத்த ரன்னை நிறுத்திவைத்த ஜட்ஜ், தங்கள் நாய்களை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டுத் தேட வந்த போட்டியாளர்கள், விடிய விடிய போனில் விசாரித்தவர்கள், தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்துவிட்டுப் போன யாரோ ஒருவர். அத்தனை பேருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருத்திக்கு. அன்று எங்கள் ரிங்கில் லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடத்தும் வார், எடுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்த பெண்ணுக்கு. பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். நாய் கிளம்பும் இடத்தில் நாங்கள் கழற்றிப் போடும் லீஷை எடுத்துக்கொண்டுபோய் முடியும் இடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. இத்தனை வருடப் போட்டிகளில் அந்த வேலை செய்பவர் முகத்தை நான் ஒருமுறைகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

தப்பு என்னுடையது. அதை மறைத்துவிட்டு நன்றி சொல்ல முடியாது. ரன்னுக்கு முன் பாதையை நடந்து பார்க்கும் வாக்-த்ரூவில், ஏறி இறங்கும் சீசாப் பலகைக்கு அடுத்த தாண்டலுக்கு முன்னாலேயே போய் நின்று திரும்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். நாயில்லாமல் நடந்து பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. ரன்னில் சிட்டு பலகையின் நடுவைத் தாண்டும்போதே நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். நம் வாய் என்ன சொன்னாலும் நாய் பார்ப்பது நம் தோளையும் காலையும்தான். நான் போகிறேன் என்றால் அவளும் வர வேண்டும் என்றுதானே இரண்டு வருடமாகப் பழக்கியிருக்கிறேன்? பலகை தரையைத் தொடுமுன்பே குதித்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பலகை டமாரென்று அடித்தது.

சர்வதேச நாய் அமைப்பான எஃப்சிஐயின் விதிப்படி அதற்கு 5 புள்ளி ஃபால்ட், அதாவது தவறுப் புள்ளி. அவ்வளவுதான். அந்த 5 புள்ளிக்காக நான் ஒரு சத்தம் போட்டேன். ஒரே ஒரு சொல். பயிற்சியில் ஒருநாளும் அந்தக் குரலில் அவளிடம் பேசியதில்லை. பலகைச் சத்தமும் என் சத்தமும் ஒன்றாக அவள் மேல் விழுந்தன. பல நாய்கள் அந்த நேரத்தில் தரையை மோந்துகொண்டு நிற்கும், சில ரிங்கைச் சுற்றிக் கண்மண் தெரியாமல் ஓடும். பார்ப்பவர்கள் சேட்டை என்று நினைப்பார்கள், பெரும்பாலும் அது பதற்றம். சிட்டு என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய்விட்டாள்.

இருட்டத் தொடங்கியபோது அவள் ஒரு புதருக்குள் இருப்பது தெரிந்தது. கிட்டே போக முடியவில்லை. நான்கு பக்கமும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கூப்பிட்டேன். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அவள் இன்னும் உள்ளே போனாள். பயந்துபோன நாய்க்குத் தன் ஆள்கூட அந்நியமாகத் தெரியலாம். படித்திருந்தேன். என் நாய் என்று வந்தபோது படித்தது எதுவும் நினைவில் இல்லை.

அப்போதுதான் அந்தப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, கூப்பிடாதீங்க. உட்காருங்க. அவளைப் பார்க்காதீங்க."

உட்கார்ந்தேன். புதருக்கு முதுகைக் காட்டி அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பையிலிருந்த டிரீட்டை எடுத்து எங்களுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொன்னாள். பெரியவர்கள் எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் தள்ளிப் போனீர்களே, அதற்கும் நன்றி.

பிறகு அவள் கேட்டாள்: "சிட்டு உங்ககிட்ட எப்படி வந்தா, அக்கா?"

எனக்கு அழுகைதான் வந்தது. "சொல்லுங்க. எங்கிட்ட சொல்லுங்க, அவகிட்ட இல்ல" என்றாள்.

சொன்னேன். குட்டியாக வந்தபோது என் செருப்புக்குள் தலையை வைத்துத் தூங்கியது, முதன்முதலில் டனலுக்குள் போனவள் வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது, 12 கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வீவை முதல் தடவை முழுசாக முடித்த நாளில் அவளைவிட நான் அதிகம் குதித்தது. அந்தப் பெண் சிரித்தாள், நானும் கொஞ்சம் சிரித்தேன் போலிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் முழங்கைக்குக் கீழே ஈரமாக ஒரு மூக்கு பட்டது.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் குரலுக்குப் பயந்து ஓடியவளுக்கு என் பழைய குரலைக் கேட்க வைத்திருக்கிறாள்.

லீஷ் அவள் கையில்தான் இருந்தது. அத்தனை நேரமும் மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்திருக்கிறாள். அவளே போட்டிருக்கலாம், நாய்க்குப் பக்கத்தில்தான் அவளும் இருந்தாள். போடவில்லை. மெதுவாகப் பிரித்து என் கையில் கொடுத்தாள். "நீங்க போடுங்க அக்கா. அப்பதான் ரன் முடிஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியும். டிரீட்டும் குடுங்க, ரன் முடிஞ்சா குடுப்பீங்கல்ல?" அவள் கை வியர்வையில் லீஷ் நனைந்திருந்தது.

கொடுத்தேன். எப்போதும் கொடுப்பதைப் போலக் கொடுத்தேன்.

1978-ல் க்ரஃப்ட்ஸ் நாய்க் காட்சியில், இடைவேளையில் கூட்டத்தை மகிழ்விக்கத் தொடங்கியதாம் இந்த விளையாட்டு. புதிதாக வருபவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகியவள் நான். அதே விளையாட்டை எப்போது பரீட்சையாக மாற்றினேன் என்று நான்கு நாட்களாக யோசிக்கிறேன். தாண்டும் கம்பி விழுந்தாலும், பலகையில் கால் பட வேண்டிய கான்டாக்ட் பகுதியைத் தவறவிட்டாலும், அது தப்பென்று நாய்க்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். ரிங்குக்குள் அந்தக் குரல் இனி என் வாயிலிருந்து வராது. வந்தால் அன்றோடு நான் ரிங்கை விட்டு வெளியேறிவிடுவேன். இதை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்த போட்டிக்குக் கொடுத்திருந்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். சீசாவை அடியிலிருந்து தொடங்குகிறோம். பலகையின் இரண்டு முனைக்கும் கீழே தலையணை வைத்திருக்கிறேன், சத்தம் வராது, அதிகம் ஆடாது. அவளாகவே வந்து ஏற வேண்டும், நான் கூப்பிடுவதில்லை. நேற்று மாலை இரண்டு முன்னங்கால்களையும் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தங்கச்சி, நாங்கள் மறுபடி ரிங்குக்கு வரும் நாளில் நீ அங்கே இருந்தால், லீஷை உன்னிடம்தான் கொடுப்பேன்.