பிக்கி கொலை வழக்கின் கோப்பைத் திறந்துவிடுங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் அவர்களுக்கு,

1997 மார்ச் 9, நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம் இருக்கும். பீட்டர்சன் கார் அருங்காட்சியகத்தில் விருந்து முடிந்து கிளம்பிய கிறிஸ்டோபர் வாலஸின், அதாவது 'பிக்கி', 'நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.' என்ற பெயர்களில் உலகம் அறிந்த அமெரிக்க ராப் பாடகரின் வண்டி சிவப்பு விளக்குக்கு நின்றது. பக்கத்தில் வந்து நின்ற இம்பாலா காரிலிருந்து சுட்டார்கள். உடம்பில் நான்கு குண்டுகள். வயது 24. தெருவெல்லாம் விருந்துக்கு வந்த கூட்டம். அத்தனை பேர் நடுவே நடந்த கொலைக்கு இன்றுவரை ஒருவரும் கூண்டில் ஏறவில்லை.

நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'கிம்மி தி லூட்' பாட்டை முதன்முதலாகக் கேட்பவர்கள் இரண்டு பேர் பாடுவதாகத்தான் நினைப்பார்கள். ஒன்று கட்டைக் குரல், இன்னொன்று கீச்சென்று துள்ளும் பையன் குரல். இரண்டும் பேசி வைத்துக்கொண்டு வழிப்பறிக்குக் கிளம்புகின்றன. இரண்டுமே அவர்தான். பின்னாளில் தாளில் எழுதுவதையே விட்டுவிட்டு, மனசுக்குள்ளேயே வரிகளைக் கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். செத்துப் பதினாறாம் நாள் இரண்டாவது ஆல்பம் வந்தது. அதிலிருந்து இரண்டு பாட்டுகள் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தன.

முதல் ஆல்பத்துக்கு 'ரெடி டு டை' (சாகத் தயார்) என்று பெயர் வைத்ததைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தானே அறம் பாடிக்கொண்டார் என்கிற மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு எரிச்சல்தான் வரும். பாட்டா துப்பாக்கியை நீட்டியது?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய தாயார் வொலெட்டா வாலஸும் குடும்பத்தாரும் நகர நிர்வாகத்தின் மீது போட்ட வழக்கு 2005இல் பாதியில் நின்றது. காரணம், உங்கள் துறை காட்டாமல் வைத்திருந்த ஆவணங்கள். உங்கள் துப்பறிவாளர் ஒருவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நீதிபதியே சொன்னார். வழக்குச் செலவாகப் பதினோரு லட்சம் டாலர் கட்டச் சொன்னார். அந்த ஆவணங்களில் இருந்தது உங்கள் பழைய அதிகாரியைக் கொலையோடு தொடர்புபடுத்தும் ஒரு வாக்குமூலம். அது உண்மையா, புளுகா, நான் அறியேன். விசாரித்து முடிவு சொல்ல வேண்டியவர்களே பூட்டி வைத்தால் ஊர் என்ன நினைக்கும்?

விசாரணை முடியவில்லை, அதனால் காட்ட முடியாது என்பீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அப்படித்தான் பதினைந்து வருஷம் கிடந்தது. 2012இல் வெளியே வந்தது. அதனால் வழக்கு எந்த விதத்தில் கெட்டுப்போனது?

சாட்சிகளின் பெயர்களை மறைத்துவிட்டு மொத்தக் கோப்பையும் வெளியிடுங்கள். அந்த வாக்குமூலத்தை யார், எப்போது, எவ்வளவு தூரம் விசாரித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வொலெட்டா அம்மா 2025 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அப்பாவைப் பறிகொடுத்தபோது கைக்குழந்தையாக இருந்த மகன் இருக்கிறார், மகள் இருக்கிறார். முதல் பிரதியை அவர்களிடம் கொடுங்கள். நாங்கள் அப்புறம் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிக்கியின் தமிழ் ரசிகன் ஒருவன்