லீகல் ஸ்டடீஸ் முடித்தால் கவுன் போட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் கல்வி இணைப்பில் பிளஸ் டூ முடித்தவர்கள் சட்டம் படிப்பது பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. ஐந்து வருட பி.ஏ. எல்எல்.பி., மூன்று வருட எல்எல்.பி., மூன்று வருட பி.ஏ. லீகல் ஸ்டடீஸ் எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு, கீழே வழக்கறிஞர் ஆகலாம், நீதிபதி ஆகலாம், கம்பெனியில் சட்ட ஆலோசகர் ஆகலாம் என்று பொதுவாக ஒரு வரி எழுதி முடித்துவிட்டீர்கள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

நான் பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தா. முப்பது வருடத்துக்கு மேலாகக் கட்டு தூக்குகிறேன், வாய்தா குறிக்கிறேன், வக்காலத்தில் ஸ்டாம்பு ஒட்டுகிறேன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் எந்தக் காகிதம் செல்லும், எது செல்லாது என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது.

போன வருடம் என் அக்கா மகள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தாள். கையில் பிளாஸ்டிக் பைல். கூடவே அரைக் கிலோ அப்பளம், அக்கா கொடுத்துவிட்டது. "மாமா, டிகிரி முடிஞ்சிட்டு, பார் கவுன்சில்ல வக்கீலாப் பதிவு பண்ண என்னென்ன வேணும்?" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, சீனியர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். பைலைத் திறந்து மார்க் ஷீட்டைப் பார்த்தேன். அரசியலமைப்புச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம் என்று பாடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மார்க்கும் நல்ல மார்க். பட்டத்தின் பெயர் மட்டும் பி.ஏ. லீகல் ஸ்டடீஸ். "ஏட்டி, இதுல எல்எல்.பி.ன்னு எங்க இருக்கு?" என்றேன். "இதுவும் லா டிகிரிதான்னு சொல்லித்தான் மாமா சேர்த்தாங்க" என்றாள். அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று நினைத்தாளோ என்னவோ, பைலை வாங்கி இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தாள்.

எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை. நம்ம பக்கத்துக் கல்லூரி இல்லை, அது போதும். வழக்கறிஞர்கள் சட்டம் 1961, அதில் 24-வது பிரிவு, பதிவு செய்ய யாருக்குத் தகுதி என்று சொல்கிறது. பார் கவுன்சில் அங்கீகரித்த சட்டப் பட்டம் வேண்டும். அது பிளஸ் டூ முடித்துவிட்டு ஐந்து வருடம் படிக்கிற பட்டமாக இருக்கலாம், இல்லையென்றால் ஏதாவது ஒரு டிகிரிக்குப் பிறகு மூன்று வருட எல்எல்.பி. இரண்டையும் அங்கீகாரம் உள்ள கல்லூரியில் நேரில் போய்த்தான் படிக்க வேண்டும், வருகைப்பதிவு 70 சதவீதம் வேண்டும், தபாலில் படித்தால் எடுபடாது. மூன்று வருட லீகல் ஸ்டடீஸ் இந்த இரண்டிலும் வராது. பி.ஏ. வரலாறு, பி.காம். மாதிரி அதுவும் ஒரு டிகிரி.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. மூன்று வருடம் இதைப் படித்துவிட்டு மறுபடி மூன்று வருடம் எல்எல்.பி. படித்தால் ஆறு வருடம். பிளஸ் டூ முடித்ததும் நேரே ஐந்து வருடப் படிப்பில் சேர்ந்திருந்தால் ஒரு வருடம் மிச்சம். அப்புறம் இன்னொன்று, இதைத்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. மூன்று வருட எல்எல்.பி.யில் சேர லீகல் ஸ்டடீஸ் படித்த பிள்ளையும் ஒன்றுதான், உள்ளூர்க் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படித்த பிள்ளையும் ஒன்றுதான். 'ஏற்கெனவே ஒப்பந்தச் சட்டம் படித்திருக்கிறாய், நேரே இரண்டாம் வருடத்தில் வந்து உட்கார்' என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் ஊரை விட்டுப் போய், ஹாஸ்டலில் தங்கி, அக்கா உளுந்து மாவு பிசைந்து அப்பளம் இட்டுச் சேர்த்த பணத்தை எல்லாம் கட்டி அந்தப் பிள்ளை அதைப் படித்தது எதற்கு?

இந்தப் படிப்பே மோசம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் பி.ஜி.எல். என்று ஒரு பொதுச் சட்டப் படிப்பு இருந்தது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பேங்க்கில் வேலை பார்த்தவர்களும் சர்க்கார் ஆபீஸ்காரர்களும் தபாலில் படிப்பார்கள். அதைக் காட்டி கவுன் மாட்ட யாரும் வந்து நான் பார்த்ததில்லை, ஏனென்றால் அதை வைத்து வக்கீலாக முடியாது என்று சேரும்போதே எல்லோருக்கும் தெரியும். லீகல் ஸ்டடீஸும் அப்படித்தான். கம்பெனியில் ஒப்பந்தம் பார்க்கிற வேலைக்கு, போட்டித் தேர்வுக்கு, வக்கீல் ஆபீசில் உதவிக்கு எல்லாம் நல்ல படிப்பு. படித்த பிள்ளைக்கு விஷயமும் தெரிகிறது. அன்றைக்கு நான் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வருவதற்குள் என் மேஜையில் கிடந்த செக் பவுன்ஸ் நோட்டீஸ் நகலை எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, செக் திரும்புச்சுன்னு பேங்க் மெமோ கைக்கு வந்ததுல இருந்து முப்பது நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும்லா, இது நாளையோட முடியுதே, இன்னும் அனுப்பலயா?" என்று கேட்டாள். உண்மைதான். ஜூனியர் அதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. நான் ஓடிப்போய் ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். அந்த மெமோவில் பேங்க் போட்ட தேதி ஒன்று, கட்சிக்காரர் கைக்கு வந்த தேதி ஒன்று, இதில் எதிலிருந்து எண்ண வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டம் தெரிகிறது, கோர்ட்டில் வாதாட உரிமம் தருகிற சன்னதுதான் இல்லை.

சன்னது என்றால் என்ன என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வ.உ.சி.க்கு 1908-ல் தண்டனை விழுந்ததோடு சன்னதும் போயிற்று. ஜெயிலிலிருந்து வந்த மனுஷருக்குப் படித்த சட்டம் மறந்தா போயிருக்கும்? ஆனாலும் கோர்ட்டில் நிற்க முடியவில்லை, பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதிதான் அதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார், அந்த நன்றிக்குத் தம் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார் பிள்ளைவாள். அவ்வளவு பெரிய மனுஷருக்கே அப்படி என்றால் கல்லிடைக்குறிச்சிப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போதெல்லாம் பதிவுக் கட்டணம்கூட ஒரு பொருட்டில்லை. முன்னே ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் 125 ரூபாய்தான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. பதிவுக்குப் பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்று, நூறு கேள்வி, சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதலாம். ஏழைப் பிள்ளைகளுக்குக் கடைசி வாசல் இப்படிக் கொஞ்சம் அகலமாகியிருக்கிற நேரத்தில், முதல் வாசலிலேயே தப்பான கதவைக் காட்டி அனுப்புகிறார்களே என்றுதான் ஆத்திரம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். லீகல் ஸ்டடீஸ் நடத்துகிற எந்தக் கல்லூரியும் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில், நோட்டீசில், உங்கள் பேப்பருக்குக் கொடுக்கிற விளம்பரத்தில், 'இந்தப் படிப்பை மட்டும் முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது' என்று தமிழில் ஒரு வரி போட வேண்டும். உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். சிகரெட் அட்டையில் போடவில்லையா? நீங்களும் விளம்பரம் வாங்கும்போது அந்த வரி இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். அந்த அரைப்பக்கத்துக்குப் பக்கத்திலேயே இதே படிப்பின் விளம்பரம் கால் பக்கத்துக்கு இருந்ததே, அதில் ஒரு பிள்ளை கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சிரிக்கிறது. அந்தக் கோட்டை யார் கொடுத்தார்கள் என்று கேட்டீர்களா?

பெற்றவர்களும் பணம் கட்டுவதற்கு முன்னால் பட்டத்தின் பெயரில் எல்எல்.பி. என்று இருக்கிறதா, கல்லூரியின் பெயர் பார் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று இரண்டைப் பாருங்கள். பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே கிடக்கிறது. புரியவில்லை என்றால் பக்கத்தில் உள்ள கோர்ட்டுக்குப் போய் எந்த வக்கீல் குமாஸ்தாவிடமும் காட்டுங்கள், ஒரு டீக்கு மேல் செலவாகாது.

என் அக்கா மகள் இப்போது இங்கேயே அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்எல்.பி. முதல் வருடம் படிக்கிறாள். 1996-ல் அந்தக் கல்லூரி வருவதற்கு முன்னால் என்றால் மதுரை, மெட்ராஸ் என்று வெளியூருக்குத்தான் போயிருக்க வேண்டும், அந்த மட்டும் நல்லது. ஒப்பந்தச் சட்டத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கிறாள், பழைய நோட்டையே வைத்துக்கொண்டு. அத்தான்தான் இன்னும் தெளியவில்லை. வாரம் ஒரு தடவை போன் போட்டு, மற்றதெல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் கேட்கிறார்: "மாப்ள, இது உள்ளதுதானே?"

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
பாளையங்கோட்டை.