பட்டறை நடத்தப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

கல்லூரியில் இரண்டு நாள் சிறுகதைப் பட்டறை நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறாய், சந்தோஷம். முதல் நாள் காலையில் சிறுகதை வரலாறு, உத்திகள் என்று ஆரம்பித்துவிடாதே. பேசுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பத்தியை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்திக் காட்டுகிறவர்கள்தான் நம் பக்கம் குறைவு. பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

இருபது பேருக்கு மேல் சேர்க்காதே. ஒருவர் எழுதியதைப் படித்துப் பேசக் கால் மணி நேரமாவது வேண்டும். இருபது பேருக்கு ஐந்து மணி நேரம் ஆகிவிடும். எழுதும் நேரம், சாப்பாடு, தேநீர் எல்லாம் போக இரண்டு நாளில் அதற்கு மேல் தேறாது. ஆளுக்கு 200 சொல் போதும். முழுக்கதை கேட்டால் பாதிப் பேர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் கை வைக்க விடமாட்டார்கள்.

எழுதியவரே படிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். எழுதியவர் படித்தால் வாக்கியத்தில் இருக்கும் ஓட்டையைக் குரலாலேயே அடைத்துவிடுவார். மற்றவர் படிக்கும்போது எங்கே திக்குகிறார், எங்கே திரும்பப் போய்ப் படிக்கிறார் என்று பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல். பெரும்பாலும் எழுவாய்க்கும் வினைமுற்றுக்கும் நடுவே நாலைந்து எச்சங்கள் அடுக்கியிருக்கும். அதை இரண்டாக உடைத்தால் சரியாகிவிடும்.

பலகையில் எழுதிப்போட ஒரு வரி தருகிறேன்: “அவன் மிகுந்த கோபத்துடன் கதவைப் பலமாக அறைந்து சாத்திவிட்டு வெளியே சென்றான்.” அறைந்து சாத்துவதிலேயே கோபம் தெரிகிறது, பலமும் தெரிகிறது. “கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்” என்றால் போதும். ஆனால் ‘வெளியே’ என்பதை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். அவன் உள்ளறைக்குப் போனானா, தெருவுக்குப் போனானா என்று முன்வரியில் தெரியாவிட்டால் அந்தச் சொல் இருந்தாக வேண்டும். இதையும் சேர்த்தே சொல்லிக்கொடு. வெட்டுவதுதான் திருத்தம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாருடைய கதையும் தந்தி மாதிரி ஆகிவிடும்.

புதிதாக எழுதுகிறவர்களிடம் தவறாமல் வருவது பார்வை மாறுவது. மகளின் மனசுக்குள்ளிருந்து கதை நகரும். திடீரென்று “அப்பாவுக்கு எரிச்சலாக வந்தது” என்று ஒரு வரி. மகளுக்கு அது எப்படித் தெரியும்? அப்பா செய்தித்தாளை மடித்துப் போட்டதைத்தான் அவள் பார்த்திருப்பாள். அதை எழுதச் சொல். காலமும் இப்படித்தான் நழுவும்: ‘வந்தான், உட்கார்ந்தான்’ என்று போய்க்கொண்டிருப்பது பரபரப்பான இடம் வந்ததும் ‘ஓடுகிறான்’ ஆகிவிடும். தெரிந்தே செய்தால் தவறில்லை, தெரியாமல் செய்வதுதான் அதிகம்.

பேச்சு வழக்கு உரையாடலுக்கு ஒரு தாள் தனியாக வைத்துக்கொள்ளச் சொல். ‘வந்துட்டாங்க’வா, ‘வந்திட்டாங்க’வா, எதை எடுக்கிறார்களோ அதையே கடைசிவரை எழுத வேண்டும். எந்த ஊர்ப் பேச்சு என்று தெரியாமல் தஞ்சாவூரையும் நெல்லையையும் ஒரே வாயில் போட்டுக் கலக்குவதைவிடப் பொதுப் பேச்சுத் தமிழே மேல்.

மெய்ப்புப் பார்ப்பதற்கு இரண்டாம் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கு. திரையில் பார்த்துவிட்டால் போதாது, அச்செடுத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒற்றுக்காக மட்டும், ஒருமுறை ர-ற, ல-ள-ழ, ன-ண மயக்கத்துக்காக மட்டும், ஒருமுறை ‘மரங்கள் விழுந்தது’ போன்ற ஒருமை பன்மைக்காக மட்டும். எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்கப் பார்த்தால் கண் கதைக்குப் பின்னால் போய்விடும். இதழுக்கு அனுப்பும்போது யூனிகோடு கோப்போடு பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்பட்டும். எழுத்துரு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறினால் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள்.

கடைசி அரைமணி நேரம் பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தம் பற்றிப் பேசு. இதைச் சொல்லாமல் பட்டறையை முடிக்காதே, பிற்பாடு மனக்கசப்பு வருவது இங்கேதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி (1957) எழுத்தாளரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. அதை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘நிரந்தரமாக’, ‘அனைத்து வடிவங்களிலும்’ என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் தேடச் சொல். ராயல்டி, அதாவது விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கு, புத்தகத்தில் அச்சிட்ட விலைக்கா, கடைக்குக் கொடுக்கும் கழிவு போக வந்த பணத்துக்கா என்று கேட்க வேண்டும். இரண்டும் 10 சதவீதம்தான் என்றாலும் கைக்கு வரும் தொகை வேறு. ஒலிநூல், மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கட்டும். பேசாத உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்.

பயிற்சிக்கு எடுத்திருக்கும் பத்திகளை முன்கூட்டியே அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். பென்சில் இருபதும் நீயே வாங்கிக்கொண்டு போ, பேனாவால் கோடு போட்டால் எழுதிய பிள்ளை சுருங்கிவிடும்.

அன்புடன்,
அம்மா