குழந்தைக்காக நீங்கள் இடும் கையெழுத்து: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்கள் அனைவருக்கும், குறிப்பாகப் படப்பிடிப்புகள் அதிகம் நடக்கும் சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கு வணக்கம்.

விளம்பரப் படங்களில் நடிக்கும் குழந்தைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பவள் நான். மூன்று வயதுப் பிள்ளையைச் சரியான நொடியில் சிரிக்கவைப்பது, எட்டு வயதுச் சிறுமியின் ழகரத்தைத் திருத்துவது, லைட் மாற்றும் இடைவெளியில் கதை சொல்லித் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது, இதுதான் என் பிழைப்பு. இந்தத் தொழிலை வெறுத்து இதை எழுதவில்லை. கேமராவைக் கண்டதும் முகம் மலரும் குழந்தைகள் உண்டு. விளம்பரத்தில் தொடங்கி, சீரியல், சினிமா என்று வந்து, நல்ல நடிகையாக நிமிர்ந்து நிற்கும் பெண்களும் உண்டு. அவர்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னால் கடக்கும் வருடங்களில், அவர்களுக்காக மற்றவர்கள் போடும் கையெழுத்துகள் பல. அவற்றுள் ஒன்று உங்களுடையது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றானது. அதில் விட்டுக்கொடுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று சினிமாவும் விளம்பரமும் தொலைக்காட்சியும். அதற்கு ஈடாக 2017இல் விதிகள் வந்தன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது, படிப்பு தடைபடக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு மேற்படாமல் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத் தொகையாகப் போடப்பட வேண்டும். விருப்பமில்லாத குழந்தையை நடிக்கவைக்கக் கூடாது. இத்தனைக்கும் மேலாக, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி பெற வேண்டும்.

அந்த வேலையை ஏன் உங்களிடம் கொடுத்தார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தளத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் எண்ணிப் பாருங்கள். பொருளை விற்கும் கம்பெனி, ஏஜென்சி, டைரக்டர், குழந்தையைக் கூட்டிவரும் கோ-ஆர்டினேட்டர், அம்மா அப்பா, ஏன், நானும்தான். குழந்தை அன்றைக்கு நடித்து முடித்தால்தான் எங்கள் எல்லோருக்கும் சம்பளம். நடித்தாலும் நடிக்காவிட்டாலும் நயா பைசா லாபநஷ்டம் இல்லாத ஒரே ஆள் நீங்கள்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நாலு வயதுப் பெண் குழந்தை. காட்சிப்படி அவள் அழ வேண்டும், அப்பா தின்பண்டத்தை நீட்டியதும் சிரிக்க வேண்டும். சிரிப்பு முதல் டேக்கிலேயே கிடைத்துவிட்டது. அழுகை வரவில்லை. கோ-ஆர்டினேட்டர் அம்மாவிடம் கண்ணைக் காட்டினார், அவர் ஃப்ளோரை விட்டு வெளியே போனார். "அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க, நீ இனிமே இங்கதான்" என்று யாரோ சொன்னார்கள். குழந்தை கதறினாள், கேமரா ஓடியது, "சூப்பர்" என்று குரல் கேட்டது. அம்மா திரும்பி வந்ததும் அவருடைய துப்பட்டா நுனியைப் பிடித்தவள்தான், அடுத்த ஷாட்டுக்கு அழைத்தபோது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அன்று எந்த மணிக்கணக்கும் மீறப்படவில்லை. அனுமதிக் கடிதம் புரொடக்‌ஷன் மேனேஜரின் பையில் பத்திரமாக இருந்தது. விருப்பமில்லாமல் நடிக்கவைக்கக் கூடாது என்ற விதியை அங்கே படித்துச் சொல்ல ஆள்தான் இல்லை.

பெற்றோரின் சம்மதக் கடிதம் இருக்கிறதே என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். பெற்றோர் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. கடனும் கனவும் கலந்து நிற்பவர்கள். ஆனால் அவர்களுடைய சம்மதம் பிள்ளையின் சம்மதமாகிவிடாது. இதை உலகத்துக்கே காட்டிய வாழ்க்கை ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசைப்படுகிறேன்.

அமெரிக்க நடிகை புரூக் ஷீல்ட்ஸ் 1965இல் நியூயார்க்கில் பிறந்தார். பதினோரு மாதக் குழந்தையாக இருக்கும்போதே சோப்பு விளம்பரம் ஒன்றுக்குப் படமெடுக்கப்பட்டார். அம்மாதான் மேனேஜர். பத்து வயதில், ஒரு புகைப்படக்காரர் அவரைக் குழந்தைக்குச் சற்றும் ஒவ்வாத வகையில் படமெடுத்தார். அம்மா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், கொடுக்கப்பட்டது 450 டாலர். புரூக் வளர்ந்தார், சினிமாவில் பெயர் வாங்கினார், பதினைந்து வயதில் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றால் உலகம் முழுக்கத் தெரிந்த முகமானார். பதின்ம வயதில் அந்தப் பழைய படங்களை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் போனார். தாயார் போட்ட கையெழுத்து மகளைக் கட்டுப்படுத்தும், அதை அவர் பின்னால் ரத்து செய்ய முடியாது என்று 1983இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்விலேயே மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதிகள் இருந்தார்கள், ஆனால் பெரும்பான்மை அவர் பக்கம் இல்லை. ஆபாச வெளியீடுகளில் பயன்படுத்தக் கூடாது என்ற தடை மட்டும் மிஞ்சியது. கதை அதோடும் முடியவில்லை. அந்தப் படங்களுள் ஒன்றை இன்னொரு கலைஞர் எடுத்துத் தன் படைப்பாக்கினார். 2009இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகக் கண்காட்சிக்கு அது வந்தது, போலீஸ் தலையிட்ட பிறகே அகற்றப்பட்டது. பத்து வயதில் எடுத்த படம், நாற்பத்து நாலு வயதிலும் அவரைத் துரத்தியது.

அந்தப் பெண்மணி உடைந்துபோகவில்லை. நடுவில் சினிமாவை ஒதுக்கிவைத்துவிட்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்து 1987இல் பட்டம் வாங்கினார். 2024இல் அமெரிக்க நாடக நடிகர்களின் தொழிற்சங்கத்துக்குத் தலைவரானார். அவருடைய துணிச்சலை நான் வியக்கிறேன். அதற்காக, எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஒரு துணிச்சல் வாய்க்கும் என்று நம்பி நாம் கையெழுத்துப் போட முடியாது.

நம் நாட்டில் மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903 முதல் நிலைபெற்ற சட்டம். ஆகவே இங்கேயும் பெற்றோர்தான் கையெழுத்திடுகிறார்கள். நான் பார்த்த விளம்பர ஒப்பந்தங்கள் சிலவற்றில் குழந்தையின் படத்தை எத்தனை வருடம், எந்தெந்த ஊடகத்தில் பயன்படுத்தலாம் என்ற இடத்தில் "எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்" என்று இருந்தது. பேனர், பேப்பர், டிவி என்றிருந்த காலத்தில் விளம்பரம் ஒரு சீசனோடு ஓய்ந்துவிடும். இப்போது அப்படியில்லை. ஒரு குழந்தையின் முகத்தை எடுத்து அவள் பேசாததைப் பேசவைக்கக் கருவிகள் வந்துவிட்ட காலத்தில், என்றென்றைக்கும் என்று எழுதிக் கொடுப்பதற்கு என்ன அர்த்தம்? அந்தப் பக்கத்தை வாசித்துப் பாருங்கள். காலவரையறை இல்லாத ஒப்பந்தத்தோடு வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். இரண்டு விண்ணப்பம் திரும்பிப் போனால் போதும், மூன்றாவது ஒப்பந்தத்தில் வருடம் தானாக எழுதப்பட்டிருக்கும். இந்தத் தொழிலை எனக்குத் தெரியும்.

பணத்துக்கு வருகிறேன். ஹாலிவுட்டின் ஜாக்கி கூகன் 1921இல் சாப்ளினோடு நடித்துக் குழந்தை நட்சத்திரமானவர். பல லட்சம் டாலர் சம்பாதித்தார். வளர்ந்த பிறகு பார்த்தால் பெரும்பகுதி செலவாகியிருந்தது. 1938இல் தாயார் மேலும் மாற்றாந்தந்தை மேலும் வழக்குப் போட்டு, கடைசியில் கையில் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் அவர் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. அங்கே இன்று ஒதுக்கவேண்டியது 15 சதவீதம். நம் விதி 20 சதவீதம் என்கிறது, நம்முடையதுதான் மேல். ஆனால் வைப்புத் தொகை போடப்பட்டதா என்று யார் பார்க்கிறார்கள்? விளம்பரத்தில் பேமென்ட் கோ-ஆர்டினேட்டர் வழியாக வருகிறது, அவர் கமிஷனைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஜிபேயில் அனுப்புகிறார். அதில் எது குழந்தையின் 20 சதவீதம்? ஒரே குழந்தையின் பெயர் உங்களிடம் மறுபடி மறுபடி வரும். இரண்டாவது விண்ணப்பத்தின்போது முதல் வேலைக்கான வைப்புத் தொகை ரசீதைக் கேளுங்கள். ஒரு தாள்தான்.

பால் பல்லைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை. ஏழு வயதில் முன்பல் விழுந்தால் விளம்பர வாய்ப்பு நின்றுபோகும். பல் டாக்டரிடம் போய், மாட்டிக் கழற்றும் செயற்கைப் பல் செய்துகொண்டு வருவார்கள். பற்பசை, பால் பவுடர், ஸ்கூல் பேக் என்று வரிசையாக நடித்த ஒரு சிறுமிக்கு அப்படி மாட்டினார்கள். அதைப் போட்டால் சகரம் எல்லாம் காற்றாகப் போகும். நான் திருத்தத் திருத்த, அவள் வாயிலிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, நிஜப் பல்லு முளைச்சா இவங்க என்னை மறுபடி கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். பல் விழுவதை அந்த வயதுப் பிள்ளைகள் கொண்டாடுவார்கள். இவளுக்கு அது வேலை போன செய்தி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடம்பு மாறும்போது இதே கேள்வி இன்னும் கடுமையாக வரும். அப்போது குழந்தை வேடத்துக்கும் கூப்பிட மாட்டார்கள், நாயகி வேடத்துக்கும் வயது வராது. அந்த இடைவெளியில்தான் வயதைக் கூட்டிக் காட்டும் மேக்கப்பும், வயதுக்கு மீறிய உடையும், போட்டோ ஷூட்டும் வருகின்றன.

ஸ்ரீதேவியை நினைத்துக்கொள்கிறேன். 1963இல் சிவகாசிப் பக்கம் பிறந்து, 1969இல் துணைவன் படத்தில் குழந்தை முருகனாக வந்தவர். 1976இல் மூன்று முடிச்சு படத்தில் கமல், ரஜினியோடு நாயகி. அப்போது அவருக்கு வயது 13. வளர்ந்த ஓர் ஆணுக்குச் சித்தியாகும் பெண்ணின் வேடம் அது. அந்த நடிப்பைப் பார்த்து இன்றும் அசந்துபோகிறேன். அந்த வயதுக் குழந்தையின் தோளில் அவ்வளவு பெரிய பாரத்தை வைத்தது சரியா என்று கேட்பது அவருடைய திறமையைக் குறைத்துப் பேசுவதாகாது. இன்றைக்கு அதே வேடத்தில் 13 வயதுப் பெண் நடிக்க வேண்டுமானால் உங்கள் அனுமதி வேண்டும். அதே பெண்ணுக்கு 15 வயது என்றால் வேண்டாம்! விதிகள் 14 வயதோடு நின்றுவிடுகின்றன. அபாயகரமான தொழில்களில் 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரைச் சேர்க்கக் கூடாது என்கிறது சட்டம், சினிமா அந்தப் பட்டியலில் இல்லை. ஐந்து மணி நேரமும் இல்லை, 20 சதவீதமும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. ஒரு பெண் மிக அதிகமாகக் காக்கப்பட வேண்டிய நாலு வருடங்களில் இந்த விதிகளின் காவல் அவளுக்கு இல்லை. விதியை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆனால் தொழிலாளர் நலத்துறைக்கு நீங்கள் எழுதும் பரிந்துரைக்கு இருக்கும் எடை எங்களைப் போன்றவர்களின் மனுவுக்கு இல்லை. எழுதுங்கள்.

குழந்தைகளைக் கேட்பது பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு மாவட்டத்திலும் உங்கள் கீழேயே குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. அங்கிருந்து ஒருவர், அம்மாவும் கோ-ஆர்டினேட்டரும் பக்கத்தில் இல்லாமல், அந்தக் குழந்தையோடு பத்து நிமிடம் பேசட்டும். "உனக்கு நடிக்கப் பிடிக்குமா?" என்று நேராகக் கேட்டால் பிடிக்கும் என்றுதான் பதில் வரும், அது சொல்லிக்கொடுத்து வந்த பதில். நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய், ஸ்கூலில் பக்கத்தில் உட்காருவது யார், ஷூட்டிங்கில் உனக்குப் பிடிக்காதது எது என்று கேட்கச் சொல்லுங்கள். ஸ்கூலில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பெயர் தெரியாத குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அனுமதி கொடுத்த தளங்களுக்கு ஓர் அதிகாரியை முன்னறிவிப்பில்லாமல் அனுப்பிப் பாருங்கள். அவரைக் காலை ஏழு மணிக்கே மேக்கப் அறைக்கு வரச் சொல்லுங்கள். குழந்தைகள் அந்த நேரத்துக்கே வந்துவிடுவார்கள், ஐந்து மணி நேரக் கணக்கு மட்டும் முதல் ஷாட்டிலிருந்துதான் தொடங்கும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் தளத்தில் எங்காவது ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் அவர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தி