எல்லா விறைப்பும் வலிப்பு இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் வலிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் பார்வைக்கு வலிப்பு போலவே இருந்து, வலிப்பே இல்லாத ஒரு நோயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என் மகள் வயிற்றுப் பேத்திக்கு அந்த நோய் இருப்பதால் எழுதுகிறேன். ஹைப்பரெக்பிளெக்ஸியா என்று பெயர். மிக அபூர்வமாக வருவது.

எங்கள் தங்கச்சிமடம் கடற்கரையில் சத்தத்துக்குக் குறைவில்லை. படகு இன்ஜின், மீன் ஏலம், திருவிழா வேட்டு. எந்தப் பிள்ளையும் முதலில் திடுக்கிட்டு அழும், அப்புறம் பழகிவிடும். இவளுக்குப் பழகவே இல்லை. பிறந்ததிலிருந்தே தொட்டுத் தூக்கினால் உடம்பு விறைத்துக்கொள்ளும். அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தால் போதும், இரண்டு கையும் இறுக மூடி, மூச்சு நின்று, உதடு நீலம் பாரித்துவிடும். தூங்கும்போது மட்டும் மற்றப் பிள்ளைகளைப் போலத் தளர்ந்து கிடப்பாள்.

பிள்ளை பயந்திருக்கிறது என்று மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார்கள், கட்டினோம். ஓர் ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று மருந்து கொடுத்தார்கள். ஆனால் மூளை அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனையில் ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவள் மூக்கு நுனியை விரலால் லேசாகத் தட்டினார். தலை வெடுக்கென்று பின்னால் போனது. திரும்பத் திரும்பத் தட்டினார். ஒவ்வொரு தடவையும் அதே வேகம். சாதாரணக் குழந்தை என்றால் சில தட்டுகளில் அடங்கிவிடுமாம்.

நரம்புகளின் துடிப்பை அடக்கி வைக்க மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் கிளைசின் என்ற பொருள் வேலை செய்கிறது. அதை ஏற்கும் இடத்தில் பிறவியிலேயே குறை. இதற்குக் காரணமான மரபணு ஒன்றை முதன்முதலில் கண்டுபிடித்ததே 1993-இல்தான். நம் எட்டிக்கொட்டையின் விஷம் போய் அடைப்பதும் இதே இடத்தைத்தான். அதைத் தின்றவர்கள் சின்னச் சத்தத்துக்கும் விறைப்பது அதனால்தான். பெற்றோரில் ஒருவரிடமிருந்தும் இந்த நோய் வரலாம். இருவருமே வெளியே தெரியாமல் அந்தக் குறையைச் சுமந்திருந்தாலும் வரலாம். என் மாப்பிள்ளை என் அண்ணன் மகன். சொந்தத்தில் கட்டும் குடும்பங்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

குளோனசெபம் என்ற மருந்தில் நல்ல குணம் தெரிகிறது. விறைப்பும் வளர வளரக் குறையும் என்றார் மருத்துவர். திடுக்கிடுவது மட்டும் போகாது. நடக்கிற வயதில் திடுக்கிட்டால் கையை ஊன்றக்கூட முடியாமல் அப்படியே சாய்வார்கள். ஆனால் நினைவு தப்பாது. அதனால் அங்கன்வாடியில் இவளுக்குப் பின்னாலிருந்து கை தட்டாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

உயிருக்கு ஆபத்து கைக்குழந்தைப் பருவத்தில்தான். விறைத்து மூச்சு நின்றால் தலையையும் இரண்டு காலையும் வயிற்றுப் பக்கமாக மடக்கிப் பிடிக்க வேண்டும். விறைப்பு விட்டு மூச்சு திரும்பும். விஜெவானோ என்ற இத்தாலிய மருத்துவர் 1989-இலேயே எழுதி வைத்த முறை இது. என் மகள் கையாலேயே பிள்ளையை இப்படி மீட்டிருக்கிறாள்.

எங்கள் ஊரிலிருந்து மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல். நீலம் பாரித்த பிள்ளையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியுமா? ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும், அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவினருக்கும் மூக்கு நுனிச் சோதனையையும் மடக்கிப் பிடிக்கும் முறையையும் அங்கேயே கற்றுக்கொடுக்கலாம். ஒரு நாள் பயிற்சி போதும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு குழந்தை மருத்துவரிடம் கேட்டு, அந்த மடக்கும் முறையைப் படத்துடன் உங்கள் இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
தங்கச்சிமடம்.