மிச்சிகனிலிருந்து வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு, அம்மா "சரியாயிடுச்சு" என்று சொன்னாலும் கேட்காதே. இங்கே எல்லாரும் நலம். மீனா ஷிகாகோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இவர் தினமும் நடக்க ஆரம்பித்திருக்கிறார், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது.

உன் கடிதத்தில் பாதி சேகரைப் பற்றித்தான். மறைமலை நகரில் ஃபோர்டு மூடியதும், அதை நம்பி இருந்த உதிரிபாகக் கம்பெனியில் அவன் வேலையும் போயிற்று. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னொரு வெளிநாட்டு கார் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், "வெளிநாட்டுக்காரனை நம்பி இன்னொரு தடவை மோசம் போக மாட்டேன்" என்று அவன் அடம்பிடிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். கூடவே ஒரு கேள்வி: "ஜப்பான்காரன் வந்து அமெரிக்காக்காரன் கம்பெனியையே கவிழ்த்துவிட்டானாமே, அங்கேயே இருக்கும் நீ சொல், உண்மையா?" இதற்கு நான்கு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. இந்த ஊரில் இத்தனை வருஷமாகப் பார்த்ததை உனக்கு விவரமாக எழுதவே வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி என்றால் அரசாங்க வேலை மாதிரி. அப்பா, மகன், பேரன் என்று ஒரே ஆலையில் வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. 1979இல் அமெரிக்காவில் மட்டும் அந்தக் கம்பெனியில் 6 லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஆனால் 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோதே ஆட்டம் காண ஆரம்பித்துவிட்டது. இந்த மாநிலத்தின் கார் நகரமான டெட்ராய்ட்டின் கார்கள் பெரியவை, பெட்ரோலைக் குடிப்பவை. ஜப்பான் கார் சின்னது, அடிக்கடி பழுதாகாது. 1979இல் மறுபடி எண்ணெய் விலை ஏறியபோது ஜனங்கள் வரிசையாக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

அந்தக் கோபம் எங்கே போய் விழுந்தது தெரியுமா? 1982 ஜூனில், டெட்ராய்ட்டுக்கு நடுவே இருக்கும் ஹைலண்ட் பார்க் என்ற சின்ன ஊரில், வின்சென்ட் சின் என்ற இருபத்தேழு வயதுப் பையனை இரண்டு பேர் பேஸ்பால் மட்டையால் அடித்தே கொன்றார்கள். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி நண்பர்களோடு கொண்டாட வந்திருந்தான். அடித்தவர்களில் ஒருவர் கிரைஸ்லர் கார் கம்பெனியில் மேற்பார்வையாளர், இன்னொருவர் அவருடைய மனைவியின் மகன், ஆட்குறைப்பில் வேலை போனவர். ஜப்பான்காரனால்தான் எங்கள் வேலை போயிற்று என்பது அவர்கள் ஆத்திரம். வின்சென்ட் ஜப்பானியனே இல்லை, சீன வம்சாவளி. அவனும் கார் தொழிலைச் சார்ந்த ஒரு நிறுவனத்தில்தான் வரைபடம் வரைந்துகொண்டிருந்தான். நீதிமன்றம் கொடுத்த தண்டனை: மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 3,000 டாலர் அபராதம். ஒரு நாள்கூடச் சிறை இல்லை. நான் இங்கே வந்த புதிதில் கூட வேலை பார்த்த ஒரு சீன அம்மா இதைச் சொன்னபோது என் உடம்பு நடுங்கியது. நம் நிறத்து ஆட்களும் அதே கடைவீதியில்தானே நடக்கிறோம்!

சேகர் "வெளிநாட்டுக்காரன்" என்று சொல்லும்போது எனக்கு வின்சென்ட் ஞாபகம் வருகிறது. அவன் கோபம் நியாயமானது. ஆனால் அது யார் மேல் என்பதை அவன் நிதானமாக யோசிக்க வேண்டும்.

இதைக் கேள். 1981இல் அமெரிக்க அரசாங்கம் நெருக்கியதால், வருஷத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. என்ன ஆயிற்று? அவர்கள் இங்கேயே வந்து ஆலை கட்டினார்கள். 1982இல் ஒஹையோவில் ஹோண்டா கார் ஓட ஆரம்பித்தது. 1983இல் டென்னஸியில் நிஸ்ஸான், 1988இல் கென்டக்கியில் டொயோட்டா. அங்கே வேலை செய்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் அமெரிக்கர்கள்தான். அதே சமயம் டெட்ராய்ட் கம்பெனிகள் தங்கள் வேலையில் ஒரு பகுதியை மெக்ஸிகோவுக்குக் கொண்டுபோயின. ஒஹையோ விவசாயி மகன் முடுக்கிய கார் அந்நியம், மெக்ஸிகோவில் முடுக்கியது உள்நாடு! யூனியன் அலுவலக வாசலில் வெளிநாட்டுக் கார் நிறுத்தக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்த காலம் அது.

தொழிலாளி சோம்பேறி, அதனால்தான் கம்பெனி நொடித்தது என்று இங்கேயும் நிறையப் பேர் சொல்வார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் ஃப்ரீமாண்ட் கதையைச் சொல்வேன். கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் அந்த ஆலை, வேலைக்கு வராதவர்கள், சண்டை, மோசமான தரம் என்று பேர் கெட்டு 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தார்கள். பெரும்பாலும் அதே ஆட்கள், அதே யூனியன். தப்பு கண்ணில் பட்டால் லைனில் நிற்கும் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து முழு லைனையும் நிறுத்தலாம் என்று உரிமை கொடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே அந்தக் கம்பெனியின் மிகத் தரமான ஆலைகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. ஆட்களை மாற்றாமலே சாதித்தார்கள் வசந்தி. இதைக் கண்ணெதிரே பார்த்தும் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் மற்ற ஆலைகளில் கற்றுக்கொள்ள வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டதுதான் எனக்கு ஆறாத வருத்தம். லாபம் அதிகம் என்று பெரிய டிரக்குகளையும் எஸ்.யூ.வி.களையும் கட்டிக்கொண்டு சின்ன காரை விட்டுவிட்டார்கள்.

அப்புறம் அடி மேல் அடி. 2005 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் 30,000 வேலைகளைக் குறைப்பதாகச் சொன்னது. இரண்டே மாதத்தில் ஃபோர்டும் 30,000 வரை என்றது, கூடவே 14 ஆலைகளை மூடுவதாகவும். 2007 பிப்ரவரியில் கிரைஸ்லர் 13,000. 2009 ஜூன் 1ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. இவர் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியும் அதற்குள்ளாகவே ஆட்களை அனுப்பிவிட்டது. பெரிய கம்பெனி ஆலை மூடினால் பத்திரிகையில் வரும், செட்டில்மென்ட் பேச யூனியன் இருக்கும். உதிரிபாகக் கம்பெனிக்காரனுக்கு ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு கைகுலுக்கலும்தான். சேகரும் அந்த ரகம் என்பதால்தான் அவன் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது.

அந்த வருஷங்களில் நான் மாலை வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். 2007இல் மிச்சிகன் அரசு, வேலை இழந்தவர்கள் மறுபடி படிக்க இரண்டு வருஷத்துக்கு 10,000 டாலர் வரை தருவதாகத் திட்டம் கொண்டுவந்தது. என் வகுப்பு நிரம்பி வழிந்தது. ஐம்பது வயது ஆண்கள், பாட்டியாகிவிட்ட பெண்கள். ஒருவர் பிரஸ் ஷாப்பில், அதாவது தகட்டை அழுத்தி பாகங்கள் செய்யும் பிரிவில், இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவாராம். அவருக்கு இயற்கணிதத்தில் x என்று எழுதினாலே கை நின்றுவிடும். முதல் தேர்வில் தோற்ற அன்று அவர் காரிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். போய்ப் பேசினேன். "சம்பளம் போனது கூடப் பரவாயில்லை, மருத்துவ இன்ஷூரன்ஸ் போய்விட்டது, மனைவிக்கு டயாலிஸிஸ்" என்றார். இந்த நாட்டில் பல பேருக்கு வைத்தியச் செலவு வேலையோடு கட்டியிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ஒவ்வொரு காரிலும் ஏறக்குறைய 1,500 டாலர் ஊழியர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் ஆன மருத்துவச் செலவு என்று கணக்குச் சொல்வார்கள். ஜப்பானில் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியைப் பொதுக் காப்பீடு ஏற்கிறது. அமெரிக்காவின் தெற்கே வெளிநாட்டுக் கம்பெனிகள் புதிதாகக் கட்டிய ஆலைகளில் பெரும்பாலும் இளவயது, ஓய்வூதியக்காரர்கள் மிகக் குறைவு. இந்த வித்தியாசம் காரின் தரத்தில் இல்லை, நாட்டின் ஏற்பாட்டில் இருந்தது.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய கொடுமையாகத் தெரிவது 2007 ஒப்பந்தம். வெளிநாட்டு ஆலைகளோடு போட்டி போட வேண்டும், இல்லாவிட்டால் இருப்பதும் போய்விடும் என்று பயமுறுத்தி, புதிதாகச் சேரும் பலருக்கு மணிக்கு 14 டாலர் என்று யூனியனை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பழைய ஆளுக்கு 28. ஒரே லைன், பக்கத்து பக்கத்தில் நின்று ஒரே நட்டை முடுக்குகிறார்கள், சம்பளத்தில் பாதிக்குப் பாதி வித்தியாசம். அப்பாவுக்கு 28, அதே ஆலையில் சேர்ந்த மகளுக்கு 14 என்று என் வகுப்பிலேயே ஒருவர் சொன்னார், சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றார். ஆட்குறைப்பு ஒரு நாளில் தெரிந்துவிடும். இது பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் நடந்தது. 2023 செப்டம்பரில் மூன்று கம்பெனிகளிலும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் செய்து, ஏறக்குறைய ஆறு வாரம் நின்று, 25 சதவீத உயர்வு வாங்கி, இந்த இரட்டைச் சம்பளத்தையும் பெரும்பாலும் ஒழித்தார்கள். அது முடிந்த சில வாரங்களுக்குள் யூனியன் இல்லாத டொயோட்டாவும் ஹோண்டாவும் ஹூண்டாயும் இங்குள்ள தங்கள் ஆட்களுக்குத் தாங்களாகவே சம்பளத்தை ஏற்றின. மிச்சிகன்காரர்கள் தெருவில் நின்றதில் தெற்கே இருக்கும் அலபாமாக்காரர்களுக்கும் கூலி கூடிற்று. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஃபிளின்ட் நகரத்தைப் பற்றி நீ செய்தியில் கேட்டிருப்பாய். 1960இல் அங்கே 2 லட்சத்தைத் தொடும் ஜனத்தொகை, இப்போது ஏறக்குறைய 80,000. வேலை போக, வரி வருமானம் போக, சிக்கனம் என்று 2014இல் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகள் உடம்பில் ஏறியது. இந்தத் தண்ணீர் எங்கள் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லி, அதே வருஷம் அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆலைக்கு வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டது. ஜனங்கள் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அதையே குடித்தார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இங்கே ஃபோர்டு சொந்த வீட்டுப் பிள்ளை. மறைமலை நகரில் அதுவே வெளியாள். பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது, 2022இல் கடைசிக் கார் வெளியே வந்தது. அதை முந்தியவர்கள் யார்? மாருதியும், இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாயும். மாருதியில் பெரும்பங்கு சுஸுகியுடையது. எது உள்நாடு, எது வெளிநாடு? 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடி பயன்படுத்த விருப்பம் என்று ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தது. வரட்டும், நல்லதுதான். ஆனால் வரும்போது கொடுக்கிற சலுகைகளை எழுதி வைக்கிற அரசாங்கம், போகும்போது உதிரிபாகக் கம்பெனி ஆட்களுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பெரிய ஆலை ஒன்றில் வேலை என்றால் வெளியே அதைப்போலப் பல மடங்கு பேர் அதை நம்பி இருக்கிறார்கள்.

இப்போது இங்கே பேச்செல்லாம் சீனக் கார் பற்றித்தான். 2024இல் சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீத வரி போட்டார்கள். ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைக்கப்போகிறது. வரி போட்டுக் கொஞ்ச கால அவகாசம் வாங்கலாம், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அந்தக் காலத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. 1981இல் வாங்கிய காலத்தை டெட்ராய்ட் எப்படிச் செலவழித்தது என்பதை மேலே எழுதிவிட்டேன். சீன முகம் உள்ள பிள்ளைகளைப் பார்த்து யாராவது முறைப்பதைக் கண்டால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

சேகரிடம் சொல்: கம்பெனி எந்த நாடு என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் நிரந்தர வேலையா, கான்ட்ராக்டா என்று கேட்கட்டும். கான்ட்ராக்ட் என்றால் யார் பேரில், நிரந்தரமாக்குவார்களா, எழுத்தில் தருவார்களா? பக்கத்தில் நிற்கும் நிரந்தர ஆளுக்கு என்ன சம்பளம்? பி.எஃப்., இ.எஸ்.ஐ. முதல் மாதத்திலிருந்தே பிடிக்கிறார்களா? ஆலையில் யூனியன் இருக்கிறதா, அதில் கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்க்கிறார்களா? அப்புறம், மின்சாரக் கார் சம்பந்தமாக ஏதாவது பயிற்சி கொடுக்கிறார்கள் என்றால் அதை விடவே கூடாது. என் வகுப்புக்கு வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு வேலை போன பிறகுதான் கிடைத்தது.

பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அதற்கு முன்னாலேயே அவன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், ஆர்டரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். இவர் அந்த மாதிரி காகிதங்களை வரி விடாமல் படிப்பார். அம்மாவுக்கு என் நமஸ்காரம். உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் கூச்சப்படாமல் எழுது, பெட்டியில் இடம் இருக்கிறது.

உன் அன்புள்ள,
லலிதா