கோபம் வராத என் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

தீபாவளிக்கு வந்திருந்தபோது, போலீஸ் வேலைக்கு மனுப் போடப்போவதாகச் சொன்னாய். "இவளுக்குக் கோபமே வராதே, திருடன் வந்தால் மைலோ கலக்கிக் கொடுப்பாள்" என்றார் பெரியப்பா. வீடே சிரித்தது. நீயும் சிரித்தாய், ஆனால் முகம் வாடிவிட்டது. அப்போதே நான் வாய் திறந்திருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சீருடையைப் போட்டவன் நான்தானே.

பாட்டி சிரிக்கவில்லை, கவனித்தாயா? 1948 ஜூன் 16ஆம் தேதி இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுப் போராளிகள் சுட்டுக் கொன்றார்கள். அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்த காலம் அது. பாட்டிக்குச் சீருடை என்றால் இன்றும் அந்தச் சோதனைதான்.

பெரியப்பா சொன்னதற்கு வருகிறேன். கோபக்காரன் கையில் லத்தி இருந்தால் என்ன ஆகும் என்று, லாக்கப் மரணச் செய்திகளைப் படித்து அழுத நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்த வேலைக்கு வேண்டியது வேறு குணம். 1991இல் பாரிக், மவுண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல தொழில்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். போலீஸும் அதில் இருந்தது. எல்லாத் தொழிலிலும் வேலைத் திறமையோடு சேர்ந்தே வந்த குணம், எடுத்த காரியத்தைப் பொறுப்பாக, ஒழுங்காக முடிப்பது.

அது இல்லாமல் நானே தவறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஓர் அம்மா ரிப்போர்ட் கொடுக்க வந்தார். சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "இன்னிக்குச் சாயங்காலம்" என்றார். நான் காலண்டரைப் பார்த்து அன்றைய தேதியைப் போட்டேன். அவருக்கோ இன்னும் முந்தின நாள் முடியவில்லை. வாயால் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. தூக்கக் கலக்கத்தில் நான் வாசிக்கவில்லை. இன்னும் வராத மாலையில் திருட்டுப் போனதாக ரிப்போர்ட் நின்றது. அதைத் திருத்த அந்த அம்மா இரண்டு தடவை பஸ் ஏறி வந்தார். வெட்டுக்குப் போகாததால் இரண்டு நாள் சம்பளம் போனது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நீ மாரியம்மன் கோயில் நன்கொடை நோட்டை எழுதுகிறவள். காது கேட்காத தாத்தாவுக்கு அவர் கொடுத்த பத்து வெள்ளியை மூன்று முறை வாசித்துக் காட்டினாய், சலிக்காமல். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். இந்த வேலை ஆளை மாற்றும். ஆபத்தும் அதிகாரமும் சேர்ந்து போலீஸ்காரருக்குச் சந்தேகக் கண்ணைப் பழக்கிவிடுகின்றன என்று ஜெரோம் ஸ்கோல்னிக் என்ற அமெரிக்க அறிஞர் 1966இல் எழுதினார். எனக்கும் பழகியது. பாசாருக்குப் போய்வந்த உன் அத்தையிடம் ஒருநாள், எத்தனை மணிக்குக் கிளம்பினாய், வழியில் யாரைப் பார்த்தாய், ஏன் இவ்வளவு நேரம் என்று வரிசையாகக் கேட்டேன். அவள் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அதன்பின் வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் மோட்டாரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் உள்ளே போவேன். உனக்கும் அப்படி ஏதாவது வேண்டியிருக்கும், முதல் மாதத்திலிருந்தே.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, மனுவைச் சேர்ந்து பூர்த்தி செய்வோம். அந்தக் கீரைக்கட்டுச் சண்டையை அத்தை தமிழில் சொல்லட்டும். நீ போலீஸ் ரிப்போர்ட் போல மலாயில் எழுதி அவளுக்கே வாசித்துக் காட்டு. ஒரு எழுத்துத் தப்பினாலும் அவள் விடமாட்டாள்.

அன்புடன்,
மாமா